டிரைவர் பக்கத்துச் சத்தம்

அந்த மேஸ்திரி "முடியாது" என்று சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ராயக்கோட்டை ரோட்டில், ஓசூர் முடிகிற இடத்தில், ஒரு புங்க மரத்தடியில் அவருடைய பட்டறை இருந்தது. லாரிக்கும் வேனுக்கும் அடியில் அடுக்கி வைத்திருக்கிற ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, நெருப்பில் காய்ச்சி, அடித்து வளைத்து மறுபடி மாட்டுவதுதான் அவருடைய முக்கியமான வேலை. டயர் மாற்றுவது, சக்கரத்தின் டிஸ்க் மாற்றுவது எல்லாம் அதோடு சேர்ந்தது. யார் வந்து எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். தமிழ் பேசுகிறவர்களிடம் "ஆகட்டும்" என்பார். கன்னடக்காரர் வந்தால் "ஆய்து பிடு". தெலுங்குக்காரர் வந்தால் "அட்லே கானீ". மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். அதற்கு மேல் பேச்சு வளராது.

அவருடைய சொந்தப் பாஷை எது என்று யாருக்கும் தெரியாது. எதிரே டீக்கடை வைத்திருந்தவர் ஒரு தந்திரம் சொன்னார். "சுத்தியல் என்னிக்காவது விரல்ல படும். அப்ப எந்தப் பாஷையில கத்தறாருன்னு பாருங்க, அதுதான் அவரோட பாஷை." நாலைந்து பேர் இதற்காகவே டீயை ஆறவிட்டுக் காத்திருந்தார்களாம். ஒரு நாள் பட்டது. நகம் கறுத்துப் போகிற அளவுக்குப் பட்டது. அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

இதை என் வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலித்தால்கூட வாய் திறக்காத மனுஷனை எப்படி நம்புவது என்றுதான் தோன்றியது.

நம்பக் கூடாது என்பதற்குக் காரணங்களும் இருந்தன. ஒரே வெள்ளிக்கிழமைக்கு மூன்று வண்டிகளைத் தருவதாக மூன்று பேரிடம் ஒத்துக்கொள்வார். மூன்று பேரும் வந்து நிற்பார்கள். ஒரு வண்டிதான் தயாராக இருக்கும். மற்ற இரண்டு பேரும் அவரைப் பெற்றவர்கள் வரைக்கும் திட்டுவார்கள். அதற்கும் தலையை ஆட்டி "ஆகட்டும்" என்பார். திட்டுகிறவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஒரு தடவை ஓர் ஆள் சாக்கில் சுற்றி இரண்டு புது டிஸ்க் கொண்டுவந்தான். ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து திருட்டுத்தனமாக வெளியே வந்த சாமான். அதில் குத்தியிருந்த நம்பரைத் தேய்த்து எடுத்துத் தன் வண்டியில் மாட்டித் தரச் சொன்னான். மேஸ்திரி "ஆகட்டும்" என்றார். டிஸ்க் இரண்டும் மரத்தடியில் கிடந்தன. அவன் வாரா வாரம் வந்து கேட்டான். வாரா வாரம் "ஆகட்டும்". வேலை மட்டும் நடக்கவில்லை. கடைசியில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். பிறகு அந்தத் தொழிற்சாலைக் காவலாளி டீ குடிக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இது எங்க சாமான் மாதிரி இருக்குதே, எடுத்துனு போகட்டுமா?" என்று கேட்டார். அவருக்கும் "ஆகட்டும்" என்றே பதில் வந்தது.

இதை நல்ல குணம் என்பதா, கோழைத்தனம் என்பதா? எனக்கு அப்போதும் தெரியவில்லை.

தேர்தல் வந்தபோது நடந்ததுதான் இன்னும் வேடிக்கை. ஒரு கட்சிக்காரர்கள் வந்து பட்டறை வாசலில் கொடிக்கம்பம் நட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சரி என்றார். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் சரி என்றார். பத்தடி இடைவெளியில் இரண்டு கம்பங்கள் நின்றன. இரண்டு பக்கத்து ஆட்களும் முறைத்துக்கொண்டு நின்றபோது, மேஸ்திரி இரண்டு கம்பத்துக்கும் நடுவே ஒரு லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் நிழலில் உட்கார்ந்து பட்டைக்குக் கிரீஸ் தடவ ஆரம்பித்துவிட்டார். கொடிகள் மேலே பறந்தன. அடுத்த மழைக்கு இரண்டு கட்சிக்காரர்களும் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழேதான் ஒதுங்கினார்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் பிக்கப் வண்டி போனது.

எங்கள் பெரியவள் நாலாவது படித்த வருஷம் அது. அதற்கு முந்தின வருஷம்தான் என் வீட்டுக்காரர் அந்த வண்டியைப் பழசாக வாங்கியிருந்தார். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏற்றி, ஓசூர் வழியாகப் பெங்களூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். மண்டிக்காரர் அவருக்குத் தாய்மாமன். அப்பா இல்லாத பிள்ளையான அவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர், எங்கள் கல்யாணத்தில் தகப்பன் இடத்தில் நின்றவர். மாமா ஒன்று சொன்னால் என் வீட்டுக்காரருக்கு மறுபேச்சு கிடையாது.

மாமா கெட்டவர் இல்லை. ஆனால் வண்டியில் இடம் இருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஐம்பது கூடை ஏற்றிக் கயிறு கட்டின பிறகும், "டேய் மாப்ள, மேல காத்தா போவுது, இன்னும் பத்து வைடா" என்பார். பத்து வைத்தால், "இதுக்குப் பத்து துணைக்கு வரட்டும்" என்பார். வண்டி பின்பக்கம் குந்தி, முன் சக்கரம் தரையில் பாவாமல் ஆடிக்கொண்டு கிளம்பும்.

ஓசூரில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது நான் வாசலில் நின்று பார்ப்பேன். வண்டி கண்ணில் மறைகிற வரைக்கும் உள்ளே போக மாட்டேன். காரணம் உண்டு. என் கூடப்பிறந்த அண்ணன் அப்படித்தான் போனார். கிருஷ்ணகிரி பக்கம் கல் ஏற்றிய வண்டி, அளவுக்கு மேல் ஏற்றிய வண்டி, ஒரு வளைவில் சாய்ந்தது. அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர்தான். அன்று அவருடைய சட்டையைத் துவைத்தது நான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுத்ததில்லை.

வண்டி குந்துகிறது என்பதற்கு மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டையை ஏற்றிவிட வேண்டும், டயரைப் பெரிதாக்க வேண்டும். ஒரு புதன்கிழமை மாமாவும் என் வீட்டுக்காரரும் வண்டியை மேஸ்திரியிடம் கொண்டுபோனார்கள். மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். ரோட்டோரமாக ஒதுங்கி நின்றேன்.

மாமாதான் பேசினார். "மேஸ்திரி, இந்த ஒல்லி டயரைத் தூக்கிக் கடாசு. டிஸ்க்கையும் மாத்து. நல்லா அகலமா, தடியா போடு. பின்னாடி ரெண்டு ரெண்டு பட்டை சேர்த்துடு. ஷாக்கப்சர் நாலும் புதுசு. எழுபது கூடை ஏத்தினாலும் வண்டி மாமியார் முன்னால நிக்கற மருமவ மாதிரி விறைப்பா நிக்கணும்."

"உன் வண்டி, நீ சொல்லுப்பா" என்று டீக்கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

"மாமா சொல்ற மாதிரிதான். எழுபது தாங்கணும்" என்றார் இவர், சத்தமாக.

மேஸ்திரி வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் ஏறிக் குதித்துப் பார்த்தார். சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே கையை விட்டு இடைவெளி பார்த்தார். "ஆகட்டும்" என்றார்.

அந்த எழுபது என்ற சொல் எனக்குள் கல் மாதிரி விழுந்தது. அன்றும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லலாம். சொன்னால், "மாமா முன்னாடி என்னை என்ன பண்ணச் சொல்ற?" என்பார். மாமாவிடம் நான் பேச முடியாது. யாரிடம் போவது? வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, மாரியம்மன் கோயிலுக்குப் போய் விளக்கு ஏற்றினேன். "தாயே, நீதான் ஒரு வழி காட்டணும்" என்று வேண்டிக்கொண்டேன். வெளியே வந்தவுடன் என் கால் நேராகப் பட்டறைக்குப் போனது. நானாகப் போனேனா, அவள் அனுப்பினாளா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

வண்டி ஜாக்கிமேல் நின்றது. பழைய பட்டைகள் மண்ணில் வரிசையாகக் கிடந்தன. மேஸ்திரி தனியாகத்தான் இருந்தார். குங்குமப் பொட்டலத்தை நீட்டினேன். கை கழுவிக்கொண்டு வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். அதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் தலையாட்டினார்.

"எழுபது கூடை தாங்கற மாதிரி பண்ணாதீங்க அண்ணா. அளவுக்கு மேல ஏத்தினா வண்டி போவக் கூடாது. ஏதாவது ஒண்ணு பண்ணுங்க. எங்க அண்ணன் அப்படித்தான் செத்தாரு. இவரு மாமா பேச்சைத் தட்ட மாட்டாரு. நான் வந்து சொன்னேன்னு அவருக்கு மட்டும் தெரிய வேணாம்."

மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு "ஆகட்டும்மா" என்றார். சொன்னவர் அப்படியே குனிந்து வண்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டார். முதுகு குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறார்.

சிரித்து யாரும் பார்த்திராத மனுஷன், நான் அழாத குறையாக வந்து கேட்டதற்குச் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. குங்குமத்தைக் கொடுத்த கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாமாவுக்கு எழுபது தாங்கும் என்று சரி சொன்னவர். எனக்குத் தாங்காது என்று சரி சொன்னவர். ஒரு வண்டி, இரண்டு சரி. ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?

திங்கட்கிழமை வண்டி தயாரானது. அதைப் பார்த்தபோது எங்கள் வண்டி என்றே நம்ப முடியவில்லை. நாலு அகலமான டயர்கள், கறுப்பு மின்ன நின்றன. டிஸ்க்குக்கு வெள்ளி வண்ணம் அடித்திருந்தார். பின்பக்கம் நன்றாகத் தூக்கி, ஒரு கம்பீரத்தோடு இருந்தது. மாமா சுற்றிச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். "மாப்ள, யானை மேல உக்கார்ற மாதிரி இருக்கும்டா" என்றார்.

புது டயருக்குப் பூஜை போட்டோம். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டி நகர்ந்தது. மூன்று பழங்கள் நசுங்கின. டிரைவர் பக்கத்துப் பின் சக்கரத்தடியில் வைத்த பழம் மட்டும் நசுங்காமல் உருண்டு ஓரமாகப் போய் நின்றது. மேஸ்திரி அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் கால் பட்டதா, பழம் தானாக உருண்டதா, நான் கவனிக்கவில்லை. எனக்குத் திக்கென்றது.

"இன்னொண்ணு வைம்மா" என்றார் டீக்கடைக்காரர். கையில் இன்னொன்று இல்லை. அப்படியே விட்டோம்.

முதல் நாள் ஐம்பத்தைந்து கூடை ஏற்றினார்கள். வண்டி தொட்டில் மாதிரி போனதாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். இரண்டாம் நாள் மாமா அறுபத்தைந்து ஏற்றினார். ராயக்கோட்டை தாண்டி முதல் பள்ளத்தில் விழுந்ததும் டிரைவர் பக்கம், சீட்டுக்குப் பின்னாலேயே, 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் மறுபடி 'டங்'. பெங்களூர் வரைக்கும் யாரோ முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சம்மட்டியால் அடிக்கிற மாதிரி சத்தம். ஐம்பத்தைந்துக்கு வராது, அறுபதுக்குக்கூட வராது. அதைத் தாண்டினால் வந்துவிடும்.

மறுவாரம் மாமாவே ஏறி உட்கார்ந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்தவர் முகம் வெளுத்திருந்தது.

"எந்தப் பக்கம் தட்டுது?" என்று கேட்டேன்.

"டிரைவர் பக்கம், பின் சக்கரம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமா என்னைப் பார்த்தார். அவருக்கும் அதே நினைவு வந்திருக்க வேண்டும்.

"எலுமிச்சம்பழம்" என்றார் மெதுவாக.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்மனே போதும்ங்கறா போல இருக்குது மாமா."

அதற்குப் பிறகு மாமா அறுபதுக்கு மேல் ஒரு கூடைகூட வைக்கச் சொல்லவில்லை. புது ஆள் யாராவது ஏற்றப் போனால் அவரே அதட்டுவார். "டேய், அது சாமி வண்டிடா. அளவு தாண்டினா குரல் கொடுக்கும்." மண்டி முழுக்க அந்தப் பேச்சாகிவிட்டது.

எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். நான் மட்டும் தவித்தேன். அது அம்மன் குரலா, நான் மேஸ்திரியிடம் போய்க் கேட்டதால் வந்ததா? மேஸ்திரி செய்ததென்றால், கட்டின புருஷனுக்குத் தெரியாமல் அவர் வண்டியில் குறை வைக்கச் சொன்ன பாவம் என்னுடையது. அம்மன் குரல் என்றால், அதற்கு நான் என் மனசுக்குள் இன்னொரு ஆளைக் காரணம் சொல்வது அதைவிடப் பெரிய பாவம். இரண்டுக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நெய் விளக்கு அதிகமாக ஏற்ற ஆரம்பித்தேன்.

ஒரு தடவை துணிந்து மேஸ்திரியிடமே கேட்டேன். "அண்ணா, அந்தச் சத்தம் நீங்க வச்சதா?"

"பார்க்கறேன்மா" என்றார்.

"பார்க்க வேணாம் அண்ணா, சொல்லுங்க போதும்."

"ஆகட்டும்மா" என்றார். அவ்வளவுதான். என் வீட்டுக்காரரும் மாதம் ஒரு தடவை சத்தத்தைச் சரி பண்ணச் சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வந்து, "பார்க்கறேன்னு சொல்றாரு" என்பார். மனுஷன் எல்லாரையும் ஏமாற்றுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வரும். அதே சமயம், சாயங்காலம் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போது, அந்த ஆத்திரத்துக்கு அர்த்தமில்லாமலும் போகும். என் வீட்டுக்காரர் முழுசாகத் திரும்பி வந்துவிட்டார். எனக்கு வேறென்ன வேண்டும்?

மூன்று நாலு வருஷம் போயிற்று. தொழிற்சாலைகள் பெருகின, ரோட்டோர நிலத்துக்கெல்லாம் வேலி விழுந்தது. மேஸ்திரி இருந்த இடத்தின் சொந்தக்காரர் வந்து காலி பண்ணித் தரச் சொன்னார். "ஆகட்டும்" என்றாராம். டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார். "சொல்லிட்டாரு இல்ல, இனி பத்து வருஷம் இங்கதான் இருப்பாரு."

மறுநாள் காலையில் மரத்தடி காலியாக இருந்தது. உலை இல்லை, பட்டைகள் இல்லை, தார்ப்பாய் இல்லை. இரண்டு கொடிக்கம்பங்கள் மட்டும் நின்றன. தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனார் என்றார்கள். கோலார் என்றார்கள். சேலம் என்றும் சொன்னார்கள். எந்தப் பாஷைக்காரர் என்று தெரியாதவரை எந்த ஊரில் தேடுவது? எங்கள் வண்டிக்குப் பிறகு அவரிடம் நான் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை.

வண்டி அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது. பெரியவளுக்குக் கல்யாணம் ஆகி, பேரன் நடக்கத் தொடங்கிய சமயம், இனிமேல் தாங்காது என்று பாகலூர் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் விட்டோம். வண்டிக்குள் ஒட்டியிருந்த அம்மன் படத்தை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று அதை எடுக்க நான் போனேன். என் வீட்டுக்காரர் வரவில்லை. "நீயே போய் எடுத்துனு வா" என்று சொல்லிவிட்டார்.

இரும்புக் கடைக்காரர் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "யாரும்மா இந்தப் பட்டை போட்டது? எண்பது கூடை தக்காளி ஏத்தினாலும் தாங்குமே. ஒண்ணுகூட விரியல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாங்குமா? அப்படியென்றால் மாமாவிடம் சொன்னது பொய்யில்லையா?

"அப்ப ஏன் தட்டிச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்குக் காரணம் இங்க இருக்குதும்மா, வந்து பாருங்க." குனிந்து பார்த்தேன். ஆக்சில் மேலே எழும்பி வண்டியில் மோதாமல் இருக்க, இரண்டு பக்கமும் ஒரு ரப்பர் கட்டை வைப்பது வழக்கமாம். மற்றப் பக்கம் ரப்பர் இருந்தது. டிரைவர் பக்கம் ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவு ஓர் இரும்புத் துண்டு பற்றவைத்திருந்தது. "லோடு அளவா இருந்தா ஆக்சில் இதைத் தொடாது. தாண்டினா வந்து மோதும். வண்டி கெட்டுப் போவாது, சத்தம் மட்டும்தான். அளந்து வச்சிருக்காங்க."

அப்படியானால் மேஸ்திரிதான். நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறார். நான் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல இன்னொரு விசயம் பாருங்க. இது ரெண்டு தரம் பத்தவச்சது. அடியில பழசு, கேஸ் வெல்டிங். மேல ஆர்க் வெல்டிங், தொழிற்சாலை ஆளு கை. நடுவுல எப்பவோ கழண்டு விழுந்திருக்குது. மறுபடி அதே இடத்துல ஒட்ட வச்சிருக்காங்க."

"எப்ப ஒட்டியிருப்பாங்க?"

"மேல இருக்கறது ஆறேழு வருசம் இருக்கும்."

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் மேஸ்திரி ஊரிலேயே இல்லை. அப்படியானால் மறுபடி ஒட்டினது யார்? அந்த இரும்புத் துண்டை வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் இவர் பேரனுக்குத் தோசை பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் இரும்பை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். தோசை பிய்ப்பது நின்றது.

"ஏங்க, இதை மறுபடி ஒட்ட வச்சது யாரு?"

இரும்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான்தான்."

"எதுக்கு?"

"ஒரு நாள் கழண்டு விழுந்துடுச்சு. அன்னிக்கு மண்டியில மாமா இல்லை, புது ஆளு அறுபத்தஞ்சு கூடை ஏத்திட்டான். பள்ளத்துல இறங்குது, ஏறுது, சத்தமே இல்லை. ஓரமா நிறுத்திட்டு நடந்து போயி ரோட்டுல தேடி எடுத்துனு வந்தேன். நம்ம தெருவுல தொழிற்சாலை வெல்டரு ஒருத்தன் இருந்தான் இல்ல, அவன்கிட்ட கொடுத்து அதே இடத்துல வைடான்னேன்."

"அப்ப இது இருக்கறது உங்களுக்கு முன்னாலயே தெரியும்."

"கேட்டு வாங்கினவனுக்குத் தெரியாதா?"

தோசைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு மாமா பக்கத்துல நின்னுனு இருந்தாரு, நானும் எழுபதுன்னு சொல்லிட்டேன். ராத்திரியெல்லாம் உங்க அண்ணன் முகம்தான். மறுநாள் வியாழக்கிழமை நான் மட்டும் போனேன். மேஸ்திரி, நேத்து சொன்னது மாமாவுக்காகச் சொன்னது. அவருகிட்ட முடியாதுன்னு என் வாய்ல வராது. எனக்குப் பதிலா வண்டியைச் சொல்ல வைங்கன்னேன். வீட்ல தெரிஞ்சா பயந்தாங்கொள்ளின்னு நினைப்பா, அவளுக்குச் சொல்லாதீங்கன்னும் சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? ஆகட்டும்னாரு."

வியாழக்கிழமை இவர். வெள்ளிக்கிழமை நான். புருஷன் வந்து பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுவிட்டுப் போன மறுநாள் காலையிலேயே, பொண்டாட்டி குங்குமத்தோடு வந்து அதையே புருஷனுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் வேறு என்னதான் செய்வார்? தலையை வண்டிக்கு அடியில் விட்டுக்கொண்டு சிரித்தார். அதைக் கேலி என்று நினைத்து அத்தனை வருஷம் அவர்மேல் கசப்பு வைத்திருந்தேன்.

நான் போனதையும் இவரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாசா மாசம் சத்தத்தைச் சரி பண்ணச் சொல்லப் போனீங்களே, அது?" என்று கேட்டேன். "டீ குடிக்கப் போனேன்" என்றார்.

"எலுமிச்சம்பழம்?"

"அது நான் இல்லை. நான் ஸ்டியரிங்ல இருந்தேன்."

நானும் இல்லை. அப்படியென்றால் அது மேஸ்திரியின் காலா, அம்மனா? இரண்டு பேரும் பேசிப் பார்த்தோம், முடிவு கிடைக்கவில்லை. மாமாவுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்தோம். அவர் இன்னும் மண்டியில் சாமி வண்டிக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த இரும்புத் துண்டை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பூஜை அறையில் வைக்கிற பொருள் இல்லை, வெளியே போடவும் மனம் வரவில்லை. ஆயுத பூஜை அன்று அரிவாள், கத்தி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வரும்போது அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். இவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வைம்மே" என்றார்.

எனக்குச் சட்டென்று வாயில் வந்தது: "ஆகட்டும்."